வெள்ளை வால்

ஓக்ஷாட் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி வந்தபோது லம்லி பாதி முகம்தான் சவரம் செய்திருந்தான். மீதிப் பாதியில் நுரை. கூடாரத்துத் துணியைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு மக்லீஷ் உள்ளே பாய்ந்தான்.

"அடேய், உன் ஆளு சாகலடா! ஜெர்மன் ஃபிரிட்ஸ் வீட்டுல உக்காந்து விருந்து சாப்பிடறானாம்!"

கத்தி வழுக்கி லம்லியின் தாடையில் ஒரு கோடு இழுத்தது. ரத்தமும் நுரையுமாக அவன் வெளியே ஓடினான். எதிரே வந்த சமையல்காரன் யாரோ இவன் கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்று நினைத்து ரொட்டித் தட்டைக் கீழே போட்டான்.

முந்தின நாள், திங்கட்கிழமை, ஓக்ஷாட் தனியாகத்தான் பறந்து போயிருந்தான். அந்த இரண்டு இருக்கை விமானம் ஒரு சவலைப் பிள்ளை. முன் இருக்கையில் வேவு பார்க்கிறவனை ஏற்றினால் குண்டு ஏற்ற முடியாது. குண்டு ஏற்றினால் ஆளைக் கீழே விட்டுவிட்டுப் போக வேண்டும். ரயில் பாதையில் குண்டு போடப் போன நான்கு பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். ஓக்ஷாட்டின் விமானம் புகை விட்டுக்கொண்டே எதிரியின் வெல்மே தளத்துப் பக்கம் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அவ்வளவுதான். அன்று இரவே மெஸ்ஸில் அவன் நாற்காலியில் புதிதாக வந்தவன் ஒருவனை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே அப்படித்தான் வழக்கம். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு யாரும் சூப் குடிக்கக் கூடாது, போனவன் பெயரை எடுக்கக் கூடாது. நல்ல வழக்கம் என்று லம்லியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அன்றைக்கு மட்டும் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்கு எந்தத் தளபதியும் கையெழுத்துப் போட்டதில்லை. எதிரி விமானி நம் பக்கம் விழுந்தால், அவன் செத்தானா பிழைத்தானா என்று ஒரு சீட்டில் எழுதி, மணல் போட்ட சின்னப் பையில் வைத்து, இரண்டு ஆள் நீளத்துக்கு வெள்ளைத் துணியைக் கட்டி, அவர்கள் தளத்தின் மேல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். அவர்களும் நமக்கு அப்படியே செய்வார்கள். வெள்ளை வால் தொங்கவிட்டு வருகிற விமானத்தை யாரும் சுடுவதில்லை. இதைக் கேட்டால் சேற்றுக் குழியில் கிடக்கிற காலாட்படைக்காரன் காறித் துப்புவான். காலையில் ஒருவனை ஒருவன் எரித்துக் கொல்வதாம், மாலையில் கடிதம் போட்டுக்கொள்வதாம், பெரிய மனிதர்கள்! துப்பட்டுமே. அந்தப் பாழாய்ப்போன போரில் மனிதர்கள் மாதிரி நடந்துகொள்ள அந்த ஒன்றாவது மிச்சம் இருந்தது.

வெள்ளை வால் கட்டிய பை ஓடுபாதையின் நடுவிலேயே விழுந்திருந்தது. உள்ளே ஓக்ஷாட்டின் கோணல் எழுத்து.

"லம்லி, உடம்புல ஒரு கீறல்கூட இல்ல. எஞ்சின்தான் செத்துது. இவங்க நல்ல பசங்கடா. நேத்து ராத்திரி வாத்து வறுவல். நம்ம சமையக்காரனக் கூட்டிட்டு வந்து காட்டணும். கஷ்டம் ஒண்ணே ஒண்ணுதான், கால். பறக்கறப்ப போடற ஆட்டுத்தோல் பூட்ஸோட வந்து விழுந்துட்டேன். தொடை வரைக்கும் ரோமம். பத்தடி நடந்தா வேர்த்துக் கொட்டுது. ரயிலடிக்குப் பதினாறு மைல் நடக்கணுமாம். என் கட்டிலுக்கு அடியில பழுப்பு பூட்ஸ் இருக்கும், அதப் போடு. கறுப்பு வேணாம், கடிக்கும். அப்பறம் என் புகைக்குழாய், சோப்பு, ரெண்டு சட்டை. திருட்டுப் பயலே, என் பூட்ஸ இந்நேரம் நீ மாட்டியிருந்தா மரியாதையாக் கழட்டு."

அதன் கீழே வேறொரு கை, அச்சடித்தது போன்ற எழுத்து: "லெப்டினன்ட் ஓக்ஷாட் வியாழன் நண்பகல் வரை எங்கள் விருந்தினர். பிறகு கைதி முகாமுக்கு அனுப்பப்படுவார். வெள்ளை வாலுடன் வருபவரை நாங்கள் சுட மாட்டோம். என் சொல்லை நம்பலாம். கேப்டன் லைடோல்ட்."

லம்லி சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. நுரை எரிகிறது என்று மக்லீஷிடம் சொன்னான்.

அந்தப் பழுப்பு பூட்ஸுக்கு ஒரு கதை உண்டு. அமியான் என்ற பிரெஞ்சு நகரில் பூட்ஸ் தைக்கிற ஒரு வயதானவர் ஓக்ஷாட்டுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது. லம்லிக்கும் அதே அளவு கால். கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவான். இரண்டு பேருக்கும் இதனால் தினமும் ரகளை. கடைசியில் ஓக்ஷாட்டே அவனை இழுத்துக்கொண்டு போய், அதே ஆளிடம், அதே தோலில், அதே மாதிரி ஒரு ஜோடி தைக்கச் சொல்லி, "இனிமே என் கட்டிலுக்கு அடியில கை வெச்சே, கையை ஒடிச்சிருவேன்" என்றான். அன்றிலிருந்து இரண்டு ஜோடிகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களுக்கு அடியில் ஊர் போகும் நாளுக்காகக் காத்திருக்கும்.

லம்லி நேரே படைப்பிரிவின் தலைவர் மேஜர் ப்ளைத்திடம் போய் அனுமதி கேட்டான். மேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நாளைக்குக் காலைல போ. மக்லீஷக் கூட்டிட்டுப் போ. விமானத்துல கேமராவ மாட்டச் சொல்றேன்."

லம்லிக்கு முதலில் புரியவில்லை. "கேமரா எதுக்கு சார்? வெள்ளை வால் கட்டிட்டுப் போறோம்."

"தெரியும்."

"அவங்க சுட மாட்டாங்க சார். வார்த்தை குடுத்திருக்காங்க."

"அதனாலதான் அனுப்பறேன்."

லம்லிக்கு யாரோ பிடரியில் அடித்தது போல இருந்தது. "அது அசிங்கம் சார்" என்று மட்டும் வந்தது.

மேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "போன மாசம் வெல்மே தளத்தப் படம் எடுக்கப் போன மூணு வண்டி என்னாச்சு? ஆறு வீட்டுக்கு நான் கடிதம் எழுதினேன். அதுல ஒரு அம்மா திருப்பி எழுதியிருக்காங்க, எம் பையன் கஷ்டப்படாமப் போனானான்னு. அசிங்கம் எதுன்னு அவங்ககிட்டப் போய்க் கேட்டுட்டு வா. கேமரா போகலேன்னா பூட்ஸும் போகாது."

ஆறு பேரில் இரண்டு பேர் லம்லியின் சீட்டாட்டக் கூட்டாளிகள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்தான். பதினாறு மைல் என்று எழுதியிருந்தானே, அது காதிலேயே நின்றது.

"ஒண்ணு மட்டும் சார். வியாழன் மத்தியானம் அவன் கிளம்பறான். அதுக்கு முன்னால அங்க ஒரு குண்டு விழக் கூடாது."

"வெள்ளிக்கிழமை காலைக்கு முன்னால விழாது. என் வார்த்தை."

மேஜர் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை விடியலில் மூட்டை கட்டினான் லம்லி. கட்டினானா, குத்தினானா தெரியாது, அப்படி ஒரு எரிச்சல். யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கூடாரத்தில் விளக்கு வைக்கவில்லை. குனிந்து கட்டில்களுக்கு அடியில் துழாவி ஒரு பூட்ஸை இழுத்து, அதற்குள் சோப்பைத் திணித்து, ஒரு சட்டையில் சுற்றினான். இன்னொன்றை இழுத்து, அதற்குள் புகைக்குழாயைச் செருகி, விழும்போது உடையாமல் இருக்க இன்னொரு சட்டையில் சுற்றினான். இரண்டையும் சாக்கில் போட்டு வாயைத் தைத்தான். வெளியே மக்லீஷ் குரல் கொடுத்தான்.

"என்னடா, பொண்ணுக்குச் சீர் கட்டறியா? சீக்கிரம் வாடா."

வெல்மே அடர்ந்த மரங்களுக்கு நடுவே இருந்தது. மக்லீஷ் முன் இருக்கையில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு ஆள் நீள வெள்ளைத் துணியைக் காற்றில் விட்டான். அது படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லையில் ஒரு பீரங்கிகூட இருமவில்லை. லம்லி அத்தனை மாதங்களில் அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு சாவகாசமாக அந்தப் பக்கம் பறந்ததே இல்லை.

மரங்கள் விலகின. ஓடுபாதை, ஓரத்தில் நீளமான கொட்டகைகள், அவற்றின் வாசலில் வரிசையாகப் புத்தம் புது விமானங்கள், பின்னால் சிவப்பு ஓடு போட்ட பண்ணை வீடு. ஆட்கள் வீட்டிலிருந்தும் கொட்டகைகளிலிருந்தும் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர்கள் நடுவே ஒருத்தன் தொடை வரைக்கும் ரோமக் காலோடு குதித்துக்கொண்டிருந்தான். ஓக்ஷாட்! இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரன் தொப்பியைக் கழற்றி வீசினான். மக்லீஷ் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினான், கீழே ஒரு எழுத்துகூடக் கேட்டிருக்காது.

லம்லி கையை ஆட்டவில்லை. அவன் இடது கை விமானத்தை ஓட்டியது. வலது கை வெளிப்பக்கம் மாட்டியிருந்த கேமராவின் கயிற்றில் இருந்தது. ஒரு இழுப்பு, ஒரு படத் தகடு. கொட்டகைகள், ஒரு தகடு. புது விமானங்கள், ஒரு தகடு. வட்டமடித்து வந்து மறுபடியும் மூன்று. மக்லீஷ் சாக்கைப் போட்டான். அது விழுந்த இடத்தை நோக்கி நாலைந்து பேர் ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடினார்கள். ரோமக் கால்காரன் எல்லாருக்கும் பின்னால் தத்தித் தத்தி வந்தான்.

திரும்பும்போது மக்லீஷ் வழியெல்லாம் பாடினான். இறங்கியதும் லம்லி விமானத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். ஆமணக்கெண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று மெக்கானிக்கிடம் சொன்னான். எஞ்சின் எண்ணெய்ப் புகையை இரண்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தவன் அவன்.

படங்கள் அற்புதமாக வந்திருப்பதாக மேஜர் சொன்னார். வியாழக்கிழமை முழுக்க லம்லி கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு அடித்தது. கிளம்பியிருப்பான். இரண்டு அடித்தது. நடந்துகொண்டிருப்பான், பழுப்பு பூட்ஸில், புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு, காவலுக்கு வருகிறவனை வம்புக்கு இழுத்துக்கொண்டு. சாயங்காலம் ஆனபோது லம்லியின் நெஞ்சிலிருந்து கல் இறங்கிவிட்டது. இருட்டுகிற நேரத்தில் தெற்கே நம் பீரங்கிகள் வானத்தைப் பார்த்துக் குரைத்தன.

"எந்த அசட்டு ஃபிரிட்ஸோ இந்நேரத்துல தனியா வரான்" என்றான் மக்லீஷ், உருளைக்கிழங்கை மென்றுகொண்டே. "இருட்டுல நம்ம ஆளுங்க எதையும் பாக்கறதில்ல. சத்தம் கேட்டாச் சுட வேண்டியது, அம்புட்டுதான்."

வெள்ளிக்கிழமை காலை நான்கு விமானங்கள் போயின. முன் இருக்கைகள் காலி. ஒவ்வொன்றிலும் எட்டுச் சின்னக் குண்டுகள். லம்லிக்கு வெல்மே வழி மனப்பாடம். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவன் கொட்டகைகளின் மேல் இருந்தான். புதன்கிழமை எடுத்த படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே எல்லாம் வரிசையாக இருந்தது. நெம்புகோலை இழுத்தான். ஏழு குண்டுகள் சரியாக விழுந்தன. எட்டாவது கொக்கியில் மாட்டிக்கொண்டது. திட்டிக்கொண்டே மூன்று தடவை இழுத்தான். மூன்றாவது தடவைதான் அது கழன்றது, அதற்குள் விமானம் கொட்டகைகளைத் தாண்டிவிட்டது. திரும்பிப் பார்த்தான். பண்ணை வீட்டுக் கூரை வாயைப் பிளந்திருந்தது.

நான்கு பேரும் முழுசாகத் திரும்பினார்கள். முட்டையும் பன்றி இறைச்சியும் தட்டு நிறைய வந்தன. "ஓடெல்லாம் கோழி றெக்க மாதிரி பறந்துச்சுய்யா" என்று லம்லி கையை விரித்துக் காட்டினான். "வாத்து வறுவல் சமைச்ச அடுப்பு காலி!" மேஜை மொத்தமும் சிரித்தது. அவனும் சிரித்தான். இந்தச் சிரிப்பைப் பிறகு அவன் எத்தனையோ தடவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்கு மதாம் டெல்வோ வந்தாள். மூன்று மைல் தெற்கே பீட்ரூட் பயிரிடுகிற பெண்பிள்ளை. வெள்ளிக்கிழமை தோறும் மெஸ்ஸுக்கு முட்டை கொண்டுவருவாள். முட்டைக் கூடையின் மேலே அழுக்கு வெள்ளைத் துணி சுருண்டு கிடந்தது.

"உங்க சொத்து" என்றாள். "நேத்து சாயங்காலம் என் கொல்லையில விழுந்துது. ஒரு ஜெர்மன் விமானம் வந்துச்சு, உங்க பீரங்கிங்க விரட்டி விரட்டிச் சுட்டுதுங்க. பாவம், இதப் போட்டுட்டுத் தப்பிச்சா போதும்னு ஓடிட்டான். நாய் இழுத்துட்டுப் போய் வெச்சிருந்துது. காலைலதான் பாத்தேன்."

லம்லி பையை வாங்கினான். கோணல் எழுத்து. பார்த்தவுடனே அவன் உதடு தானாகச் சிரிக்கத் தயாரானது.

"அறிவுகெட்ட முண்டமே! ரெண்டும் இடது காலுடா! ஒண்ணு என்னுது, ஒண்ணு உன்னுது. ராத்திரி சாப்பாட்டுல ரெண்டையும் மாட்டிட்டு நடந்து காட்டினேன். நேராப் போகவே மாட்டேங்குது, வட்டமாவே சுத்தறேன். சிரிச்சுச் சிரிச்சுக் கேப்டனுக்கு ஒயின் மூக்குல ஏறிடுச்சு. இந்தக் கால வெச்சுட்டு ஒருத்தனப் பதினாறு மைல் நடக்க வெக்கறது யுத்த தர்மம் இல்லேன்னு சொல்லி, என் பயணத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சுட்டாரு. நீ வலது கால சாவகாசமாக் கொண்டு வா. எனக்கு என்ன அவசரம்? பண்ணை வீட்டு மாடியில பஞ்சு மெத்தை. எட்டு மணி வரைக்கும் தூங்கறேன், ஒருத்தரும் எழுப்பறதில்ல. அது கெடக்கட்டும், நேத்து ஏன்டா அப்படி உம்முனு போன? நான் அங்க குரங்கு மாதிரி குதிக்கறேன், நீ கையக்கூட ஆட்டல. எம் மேல கோவமா?"

லம்லி கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தான். எழுத்து தெரிந்தது, அர்த்தம் உள்ளே போகவில்லை. மதாம் டெல்வோ ஏதோ கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

கூடாரத்துக்கு நடந்தான். குனிந்தான். இரண்டு கட்டில்களுக்கும் அடியில் கையை விட்டு, அங்கே இருந்ததை வெளியே எடுத்து வெயிலில் வைத்தான். இரண்டு வலது கால் பூட்ஸ். தோல் பளபளவென்று இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்தான்.

பஞ்சு மெத்தை. எட்டு மணி. ஆறு பத்து. எட்டாவது குண்டு.

மக்லீஷ் கடிதத்தை வாங்கிப் படித்தான். அதை மடித்துக் கொடுத்துவிட்டு, "வெளியில எங்கியாச்சும் நடக்கப் போயிருப்பான்டா" என்றான்.

"ஆட்டுத்தோல் பூட்ஸ்லயா?"

"கிணத்தடிக்கு... மூஞ்சி கழுவ..."

"அவன் எட்டு மணிக்கு முன்னால எந்திரிச்சு நீ பாத்திருக்கியா?"

ஓக்ஷாட்டைக் கட்டிலோடு கவிழ்த்துத்தான் தினமும் எழுப்புவார்கள்.

மேஜர் ப்ளைத் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. "நான் வியாழன் முடியற வரைக்கும் காத்திருந்தேன் லம்லி" என்றார். "காத்திருந்தேன்ல?" அந்த மனிதர் ஒரு கீழ்நிலை அதிகாரியிடம் அப்படிக் கெஞ்சி யாரும் கேட்டதில்லை.

"காத்திருந்தீங்க சார். நான் வலது காலக் கொண்டு போகணும்."

"வெள்ளை வாலோடயா? இனிமே அத நம்புவாங்களா? சுட்டுத் தள்ளிருவாங்க."

"சுடட்டும் சார். அவன் இருக்கானான்னு எனக்குத் தெரியணும். இருந்தா வெளிய வந்து குதிப்பான். இல்லேன்னா..." மேஜர் சரி என்று தலையை அசைத்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது, ஒரு விமானமும் கிளம்ப முடியவில்லை. சனிக்கிழமை காலை வானம் வெளுத்ததும் லம்லி கிளம்பினான். தனியாகப் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மக்லீஷ் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "ஓட்டிக்கிட்டே நீ எப்படிப் போடுவ? வாய மூடிட்டு ஓட்டு." இந்தத் தடவை கேமரா இல்லை. சாக்கில் ஒரே ஒரு பூட்ஸ், ஓக்ஷாட்டின் வலது கால். லம்லி அதைப் பகலில், வெளிச்சத்தில், நாலு தடவை பார்த்துச் சரி பார்த்துத் தைத்திருந்தான். உள்ளே ஒரு சீட்டு: "கோபம் இல்லடா. கை சும்மா இல்ல, அதான் ஆட்டல. வந்ததும் சொல்றேன்."

எல்லையைத் தாண்டினார்கள். வெள்ளை வால் படபடத்தது. லம்லி முதுகை வளைத்துக்கொண்டு குண்டுக்காகக் காத்திருந்தான். சுடட்டும், சுட்டால் நியாயம், சுட்டுத் தொலையட்டுமே என்று வாய் விட்டே சொன்னான். யாரும் சுடவில்லை. என் சொல்லை நம்பலாம் என்று எழுதியிருந்த மனிதனின் ஊரில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அதுதான் அவனை உள்ளுக்குள் கொன்றது.

மரங்கள் விலகின. கொட்டகைகள் இருந்த இடத்தில் கருப்புக் கழிகள். பண்ணை வீட்டுக்குப் பாதிக் கூரை இல்லை. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், வேலியோரமாக, முப்பது நாற்பது பேர் தலையில் தொப்பி இல்லாமல் வரிசையாக நின்றார்கள். அவர்கள் நடுவே புது மண் குவியல். லம்லி அவர்களுக்குள் ரோமக் காலைத் தேடினான். இன்னும் தாழ இறங்கினான். குதி, குதிடா, ஒரே ஒரு தடவை குதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேடினான்.

சத்தம் கேட்டு அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் கையை நீட்டி வெள்ளை வாலைக் காட்டினான்.

உடனே அத்தனை பேரும் ஓடினார்கள். புதன்கிழமை அதே வாலைப் பார்த்துத் தொப்பியை வீசியவர்கள். ஒருவன் மேல் ஒருவன் விழுந்து, பள்ளத்தில் குதித்து, வேலிக்குள் நுழைந்து, கொஞ்ச நேரத்தில் அந்த வெளியில் நிற்கிறவர் ஒருவரும் இல்லை. ஓடாமல் இருந்தவை நான்கு மரப் பெட்டிகள் மட்டும்தான். மூன்றின் மேல் தொப்பிகள் இருந்தன. நான்காவதின் மேல், தொடை வரைக்கும் ரோமம் வைத்த ஆட்டுத்தோல் பூட்ஸ் இரண்டு, ஒழுங்காக, பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன.

மக்லீஷ் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். போடவா என்று கேட்டது அவன் முகம். முகமெல்லாம் தண்ணீர். லம்லி தலையை ஆட்டினானா இல்லையா, அவனுக்கே தெரியாது. மக்லீஷ் கையை விட்டான்.

சாக்கு வாலை இழுத்துக்கொண்டு விழுந்து, புல்லில் ஒரு தடவை குதித்து, அந்தப் பெட்டியிலிருந்து பத்தடியில் நின்றது. அதை எடுக்க யாரும் வரவில்லை. பள்ளத்திலும் வேலியோரத்திலும் குப்புறக் கிடந்தவர்கள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, அது வெடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.